ஏற்காட்டின் பின்கோடு 636601 பகா எண்ணா?

இல்லை. 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1ஐ விடப் பெரிய முழு எண்ணே பகா எண். 636601 அப்படிப்பட்டதல்ல, அது 7 × 199 × 457. இந்த மூன்றும் பகா எண்கள்.

சேலத்து மாம்பழ மண்டியில் பழங்களைச் சம வரிசைகளாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 பழங்களை மூன்று வரிசையாக அடுக்கலாம். 13 பழங்களை ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். 636601 பழங்கள் இருந்தால் ஏழு வரிசை சரியாக அமையும்; ஒவ்வொன்றிலும் 90943.

வகுத்துப் பார்க்காமலே 7ஐக் கண்டுபிடிக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே 636 × 1001 = 636636 என்பதும் 7ஆல் வகுபடும். அதிலிருந்து 35ஐக் கழித்தால் 636601. 35உம் 7ஆல் வகுபடுவதால், கழித்து வரும் எண்ணும் வகுபட்டே ஆக வேண்டும். 35ஐ 11உம் 13உம் வகுக்காது. எனவே 636601ஐயும் அவை வகுக்காது.

இதன் வகுஎண்கள், அதாவது இதை மீதியின்றி வகுக்கும் எண்கள், மொத்தம் எட்டு. பக்கத்து எண்ணான 636600க்கோ 48! எண் பெரிதானால் வகுஎண்களும் பெருகும் என்பதற்கில்லை. (அஞ்சல் துறை இந்த எண்ணைக் கொடுத்தது கடிதங்களைப் பிரிக்க மட்டுமே; கணிதக் காரணம் எதுவும் இல்லை.)

கடைசி இலக்கம் 1, 3, 7, 9 என்று இருந்தாலே பகா எண் என்று பலர் நினைக்கிறார்கள். 2, 5 ஆகியவற்றால் வகுபடாது என்பதை மட்டுமே அது காட்டும்.