ஜப்பானியக் கோட்டைகளில் பழமை எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் ஜப்பான் சென்று வந்தோம். ஒசாகா கோட்டைக்குள் நுழைந்தால் கான்கிரீட் சுவரும் லிஃப்டும் எதிர்ப்பட்டன. கியோட்டோவின் பொற்கோயிலான கின்காகுஜி 1955ல் மீண்டும் கட்டப்பட்டது என்பது ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது. நகல்களைப் பார்க்கவா இவ்வளவு செலவு செய்தோம் என்று மனம் சலித்துவிட்டது. உண்மையான பழமையைக் காண எங்கே போக வேண்டும்?

ர., கோவை

அன்புள்ள ர. அவர்களுக்கு,

ஒசாகா கோட்டையின் கோபுரத்தைப் பற்றிய உங்கள் ஏமாற்றம் நியாயமானதே. 1665ல் இடி விழுந்து எரிந்த கோபுரம் இருந்த இடத்தில், நகர மக்களின் நன்கொடையைக் கொண்டு 1931ல் எழுப்பிய கட்டடம் அது. உள்ளே இருப்பது அருங்காட்சியகம். ஆனால் கோபுரத்தை நோக்கி விரைகிறவர்கள் நின்று பாராமல் கடந்துபோகும் மதில்களும் அகழிகளும் 1620களில் தொகுகாவா என்ற ராணுவ ஆட்சிக் குடும்பத்தின் காலத்தில் அமைந்தவை. சகுரா வாயிலைத் தாண்டியதும் எதிரே நிற்கும் ‘தாகோ இஷி’ என்ற ஒற்றைக்கல்லின் எடை மட்டுமே நூறு டன்னுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள்.

கின்காகுஜியையும் நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1950ல் ஓர் இளந்துறவி வைத்த தீயில் அழிந்த அதனை, முன்பு பழுதுபார்த்த காலத்தில் வரைந்து வைத்திருந்த படங்களின் துணையோடு மரத்திலேயே மீட்டெழுப்பினார்கள். உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்களைக் கொண்ட ஹோர்யுஜி கோயிலே 670ல் எரிந்ததாக ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’ கூறுகிறது. இன்று நாம் காண்பவை அதன் பின்னர் எழுந்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மரத்தால் கட்டும் நாட்டில் எரிவதும், உளுப்பதும், மறுபடி கட்டுவதும் கட்டடத்தின் வரலாற்றிலேயே அடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை ஹிமேஜி கோட்டையில் கண்ணாலேயே காணலாம். 1609ல் கட்டி முடித்த அந்தக் கோபுரத்தில், காலணியைக் கழற்றிப் பையிலிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வதானால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். அடித்தளத்திலிருந்து உச்சித் தளத்தின் அடிவரை ஓங்கி நிற்கும் இரு பெருந்தூண்களை அவசியம் பாருங்கள். 1956 முதல் 1964 வரை கோபுரத்தையே பிரித்துப் பழுதுபார்த்தபோது, கிழக்குத் தூணுக்கு அடிப்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. மேற்குத் தூணை முழுவதுமாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகக் கிசோ மலைக்காட்டில் வெட்டிய மரம் கொண்டுவரும் வழியில் முறிந்துவிட, இன்னொரு மரத்தை அதனோடு சேர்த்து ஒரே தூணாக்கினார்கள். மூன்றாம் தளத்தில் அந்த இணைப்பு அமைந்திருக்கிறது. நானூறு ஆண்டுத் தூணும் அறுபது ஆண்டுத் தூணும் இன்று ஒரே கூரையைத் தாங்குகின்றன.

இலையுதிர்காலத்தில் செல்ல முடிந்தால் ஷோசோஇன் என்ற பழைய கருவூலத்தின் பொருட்களை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கும் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள். 752ல் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்த இந்தியத் துறவி போதிசேனர் பயன்படுத்திய தூரிகை அந்தக் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது. காட்சிக்கு வரும் பொருட்கள் ஆண்டுதோறும் மாறும். அவ்வாண்டுப் பட்டியலைப் பார்த்த பிறகு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.