விமர்சகர் நாடகம் எழுதலாமா?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் நாடக விமர்சனம் எழுதி வருகிறேன். இப்போது நானே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்து, முதல் காட்சியை நான்கு முறை கிழித்துப் போட்டுவிட்டேன். குறை சொல்லிப் பழகிய கைக்கு நாடகம் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: இல்லை. 1895 முதல் 1898 வரை லண்டன் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் நாடக விமர்சனம் எழுதிய பெர்னார்ட் ஷா, அதே ஆண்டுகளில் நாடகமும் எழுதிக்கொண்டிருந்தார். நம்மிடையே பம்மல் சம்பந்த முதலியார் இளமையில் தமிழ் நாடகங்களை அடியோடு வெறுத்தவர். 1891இல் சென்னைக்கு வந்த பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்டபின், அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தார்.

உங்கள் முதல் காட்சி கிழிபடுவதற்குக் காரணம், எழுதும்போதே அதற்கு விமர்சனமும் எழுதிவிடுகிறீர்கள் என்பதே என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்துப் பார்த்தேன். இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதற்கு மேலே துரியோதனனின் கிரீட நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டும் சலங்கையொலியும் நெடுநேரம் நீண்டும் முகம் தெரியவில்லை. ‘வருகை மிக நீளம்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். அருகில் பாயில் படுத்திருந்த பேரனை ஒரு மூதாட்டி தட்டி, “எந்திரிடா, ராசா வர்றாரு” என்று எழுப்பினார். சுற்றிலும் அப்படியே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகியது. எழுதிய குறிப்பை அங்கேயே அடித்தேன்.

ஆகவே, காட்சி நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, பார்க்கிறவரை அது என்ன செய்யும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கடைசிக் காட்சிவரை கிழிக்காமல் எழுதுங்கள். பிறகு நண்பர்கள் இருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, பேனா இல்லாமல் பின்வரிசையில் உட்காருங்கள். படிப்பவரின் நாக்கு தடுமாறும் வசனம் பெரும்பாலும் பாத்திரத்தின் பேச்சாக இராது. உங்கள் கட்டுரையின் வாக்கியமாகவே இருக்கும். அதை வெட்டிவிடுங்கள். அப்படியும் உங்களுக்குள் இருக்கும் விமர்சகர் அடங்க மறுத்தால், அவருக்குக் கட்டியங்காரன் வேடம் கட்டிவிடலாம். அரசனையே முகத்துக்கு நேராகக் கேலி செய்யும் உரிமை கூத்தில் அவனுக்கு உண்டு. கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் பொறுப்பும் அவனுடையதுதான்.

கேள்வி: நாடகம் எழுதத் தொடங்கியவர் பிறர் நாடகங்களை விமர்சிப்பது முறையா?
(வாசகி, அரூர்)

பதில்: முறைதான். ஆனால் தம் நாடகத்தை மேடையேற்றும் குழுவின் வேறு நாடகத்தைப் பற்றி அவர் எழுத நேர்ந்தால், அந்த உறவைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.