புத்தகத்தில் 0.6071, கால்குலேட்டரில் 0.6666: தவறு எங்கே?

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் 3எக்ஸ் = காஸ் எக்ஸ் + 1 என்ற கணக்கை நியூட்டன்-ராப்சன் முறையில் (ஒரு தோராய விடையில் தொடங்கி அதையே திரும்பத் திரும்பத் திருத்தும் முறை) போட்டால் புத்தகத்தில் விடை 0.6071. எனக்கு 0.6666 வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். என்னிடம் இருப்பது கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ். ஒவ்வொரு படியையும் முதலிலிருந்து அழுத்துவதால் நேரமும் போய்விடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் கணக்கில் தவறில்லை. கால்குலேட்டர் டிகிரியில் நிற்கிறது, அவ்வளவுதான். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், நீங்கள் எழுதிய தவறான விடையே சொல்லிவிட்டது. 0.6 என்பதை டிகிரியாக எடுத்தால் அது மிகச் சிறிய கோணம். அதன் காஸ் ஏறக்குறைய 1. அப்போது சமன்பாடு 3எக்ஸ் = 2 என்றே ஆகிவிடுகிறது, விடை மூன்றில் இரண்டு பங்கு. 0.6666 அங்கிருந்து வந்ததுதான்.

டிகிரி, ரேடியன், கிரேடியன் மூன்றும் திரையில் வரும்வரை மோடு பட்டனை அழுத்திக்கொண்டே போங்கள். வந்ததும் 2-ஐ அழுத்தினால் ரேடியன். திரையின் மேலே டி எழுத்து மறைந்து ஆர் எழுத்து தெரியும். சைன், காஸ் வரும் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் கணக்குகள் எல்லாமே ரேடியனில்தான். வகைக்கெழு, தொகையீடு சூத்திரங்கள் ரேடியனுக்கு மட்டுமே அந்த வடிவில் பொருந்தும்.

இனி நேரத்துக்கு வருவோம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஆன்ஸ் பட்டன். கடைசியாக வந்த விடை அதில் தங்கியிருக்கும். தொடக்க மதிப்பாக 0.6 அடித்து சமக்குறியை அழுத்துங்கள். பிறகு இதை ஒரே வரியாக அடியுங்கள்:

ஆன்ஸ் − (3ஆன்ஸ் − காஸ் ஆன்ஸ் − 1) ÷ (3 + சைன் ஆன்ஸ்)

இப்போது சமக்குறியை அழுத்தினால் 0.607107. மறுபடி அழுத்தினால் 0.607101648. இன்னொரு தடவை அழுத்துங்கள், அதே எண் நிற்கும். ஒரு வரி, மூன்று அழுத்தல், கணக்கு முடிந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வரும் எண்ணை உடனே விடைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் அந்தப் படிகளுக்குத்தான்.

தோழியிடம் 991இஎஸ் மாடல் கால்குலேட்டர் இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். அதில் காஸ் அழுத்தினால் அடைப்புக்குறி தானாகவே திறக்கும், மூடுவது நம் வேலை. மூடாமல் விட்டால் பின்னால் வரும் 1-உம் காஸுக்குள் போய்விடும். விடை எங்கோ போகும். பல பேர் மாட்டுவது இங்கேதான்.

அட்டவணை போட வேண்டிய கணக்குக்கு கால்க் பட்டன். 0-இலிருந்து 1 வரை 1/(1+எக்ஸ்²)-இன் தொகையீட்டை ட்ரபிசாய்டல் விதியில் (வளைகோட்டின் கீழ்ப் பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டும் விதி), 0.2 இடைவெளியில் போடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 1 ÷ (1 + எக்ஸ்²) என்று அடித்து (ஆல்ஃபா அழுத்தி, மூடும் அடைப்புக்குறியை அழுத்தினால் எக்ஸ் கிடைக்கும்) கால்க்-ஐ அழுத்துங்கள். எக்ஸ் எவ்வளவு என்று அதுவே கேட்கும். 0 கொடுத்தால் 1. மறுபடி கால்க், 0.2 கொடுத்தால் 0.961538. இப்படியே 0.862069, 0.735294, 0.609756, 0.5 என்று ஆறு மதிப்பும் வந்துவிடும். விதிப்படி கூட்டினால் 0.78373. நடுவில் வேறு கணக்குப் போட்டாலோ மோடு மாற்றினாலோ அடித்த வரி அழிந்துவிடும். அட்டவணை முடியும்வரை பொறுங்கள்.

இதே தொகையீட்டைத் தொகையீட்டுப் பட்டனிலேயே போட்டால் 0.785398 வரும், அதாவது π/4. உள்ளே அது சிம்ப்சன் விதி என்ற இன்னொரு தோராயத் தொகையீட்டு விதியைத்தான் நடத்துகிறது. 0.78373-க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசம் ட்ரபிசாய்டல் விதியின் பிழை, உங்கள் பிழையல்ல. முதல் தசமத்திலேயே வேறுபட்டால் அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்.

ஷிஃப்ட் அழுத்தி கால்க் அழுத்தினால் சால்வ். அது நியூட்டன் முறையில் சமன்பாட்டின் மூலத்தை, அதாவது விடையைத் தேடும் என்பதால் தொடக்க மதிப்பைப் பொறுத்து வேறு மூலத்தில் போய் நிற்கலாம், சில சமயம் கிடைக்காமலும் போகலாம். விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் காஸ்-சைடல் (Gauss-Seidel) முறைக்கு விடை சரிபார்க்க இகுவேஷன் மோடு போதும், மூன்று மாறிகள்வரை தாங்கும்.

அடுத்த தேர்வு மின்னியல் என்றால் இங்கே கவனம் வேண்டும். 230 வோல்ட்டை 3+4ஜே ஓம் மின்மறுப்பால் வகுக்க மோடு 2-இல் காம்ப்ளெக்ஸுக்குப் போகிறீர்கள். மின்னியலில் ஜே என்று எழுதுவது கால்குலேட்டரில் ஐ. 230 ÷ (3 + 4ஐ) அடித்தால் மெய்ப்பகுதி 27.6, ஷிஃப்ட், சமக்குறி அழுத்தினால் கற்பனைப் பகுதி −36.8. போலார் வடிவில் 46 ஆம்பியர், கோணம் −53.13 டிகிரி. கணிதத் தேர்வுக்கு வைத்த ரேடியன் அப்படியே இருந்தால் அந்தக் கோணம் −0.927 என்று வரும். கால்குலேட்டரை அணைத்துப் போட்டாலும் மோடு மாறாது.

அதனால் வினாத்தாள் கைக்கு வருமுன் சைன் 30 அடித்துப் பாருங்கள். 0.5 என்றால் டிகிரி. −0.988 என்றால் ரேடியன்.

ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கு 1-ஐ 2π-யால் வகுக்கும்போது, பெருக்கல் குறியோடு 1 ÷ 2 × π என்று அடித்தால் 1.5708 வரும், சரியான விடை 0.15915. கீழே உள்ளதை எல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள்.

முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே நம் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. திரையில் வருவதையே மவுஸால் சொடுக்க வேண்டும். அதில் சால்வ் கிடையாது, மேட்ரிக்ஸ் கிடையாது. வாரம் ஒரு நாளாவது அதில் போட்டுப் பழகுங்கள்.