கொலஸ்ட்ரால் கேள்விகள்: மாத்திரை எப்போது, எண்ணெய் எவ்வளவு?

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்தும் பாறசாலைப் பக்கம் இருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் கொலஸ்ட்ரால்தான் அதிகம். ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். வயது, பீடி சிகரெட், அப்பாவின் இதய நோய், இவற்றை யாரும் எழுதுவதில்லை. எனக்கு முதலில் வேண்டியவை அவைதான்.

எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148, வயது 46. மாத்திரை தொடங்கணுமா? (குழித்துறை)

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகை இல்லை, வீட்டில் யாருக்கும் இளம் வயதில் மாரடைப்பு வந்ததில்லை என்றால் அவசரமில்லை. மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். இதே 148, சர்க்கரை உள்ள ஒருவருக்கு வந்தால் நான் அன்றைக்கே ஸ்டேட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எழுதுவேன். 190-ஐத் தாண்டிவிட்டால் வேறு எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

‘வெளிச்செண்ணெயில் (தேங்காய் எண்ணெய்) கொலஸ்ட்ராலே கிடையாது, தாராளமாக ஊற்று’ என்கிறான் மச்சினன். சரியா? (பாறசாலை)

பாதி சரி. செடி கொடி மரத்திலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. ஆனால் தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யைவிட அதிகம். அது கூடும்போது, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேகம் குறைகிறது. மார்கழிக் காலையில் குப்பியில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்போய், அடுப்புப் பக்கம் வைத்து உருக்குகிறோமே, அந்த உறைகிற குணம் இந்தக் கொழுப்பால்தான். (இரத்தக் குழாயிலும் அப்படியே உறையும் என்று சொல்லவில்லை, அந்தப் பயம் வேண்டாம்.)

அதற்காக அவியலை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. மேலே ஒரு ஸ்பூன் வெளிச்செண்ணெய் போதும், பொரிக்கவும் வதக்கவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். சாளை மீனைப் பொரிக்காமல் புளிக்கறி வையுங்கள். கூட வரும் மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கினால், இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடும் இறங்கும். சாயங்காலப் பழம்பொரி? வாரம் ஒன்று, அதுவும் மறுபடி மறுபடி காய்ந்த எண்ணெயில் போட்டதாக இருக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம். எல்டிஎல் 82-க்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா? கால் வேறு உளைகிறது. (கருங்கல்)

நிறுத்தாதீர்கள். அந்த 82 மாத்திரையால் வந்தது, விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போகும். உங்களுக்கு இலக்கும் 55-க்குக் கீழே, ஆகவே டோஸைக் கூட்டுவதா, எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதா என்றுதான் பேசணும். போன வாரம் ஒரு அண்ணாச்சி அட்டையை நீட்டினார். ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய பதினைந்தில் பதினொன்று அப்படியே இருந்தது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்றார். கொலஸ்ட்ரால் கூடினால் உடம்புக்குத் தெரியாது, அதுதான் தொல்லை.

கால் உளைச்சலுக்கு சிகே (தசை பாதிப்பைக் காட்டும் இரத்த டெஸ்ட்) ஒன்று பாருங்கள், தைராய்டும் பாருங்கள். ஸ்டேட்டின் என்று நினைத்து வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஆய்வுகளில் இதே வலி வந்திருக்கிறது. நிஜமாகவே மாத்திரைதான் காரணம் என்றால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம். சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

வெறும் வயிற்றில்தான் டெஸ்ட் எடுக்கணுமா? (கொல்லங்கோடு)

பெரும்பாலும் வேண்டாம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் பட்டினியாக மறுபடி எடுக்கணும்.

மகனுக்கு 24 வயது, ஒல்லி. எல்டிஎல் 230. லேப் தப்பா? (அருமனை)

ஒரு தடவை திரும்ப எடுங்கள், தைராய்டும் சேர்த்து. ஆனால் அவன் அப்பா 42 வயதில் மாரடைப்பில் போனதாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா, அதனால் எனக்குச் சந்தேகம் பரம்பரைக் கொலஸ்ட்ரால் மேல்தான். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குதிகால் நரம்பு (தசைநாண்) தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இது சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் அடங்காது, அவனைத் திட்ட வேண்டாம். மாத்திரை இப்போதே வேண்டும். அவன் தங்கைக்கும் இந்த வாரமே ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.