பயிர் நோய் நோட்டை எப்படிப் பிரிச்சு எழுதுறது?

பயிர் நோய்களுக்கு ஒரு நோட்டு போடணும், கிருமி வாரியா எழுதுறதா பயிர் வாரியா எழுதுறதான்னு கேட்டிருக்கீங்க. பயிர் வாரியாவே போடுங்க, ஏன்னா வயல்ல நிக்கும்போது கண்ணுக்குத் தெரியறது பயிரும் அறிகுறியும்தான், கிருமி இல்ல.

ஒரு நோய்க்கு ஒரு பக்கம். பேரு, கிருமி, பரவுற விதம், வானிலை, கட்டுப்பாடு எல்லாம் சின்னதா எழுதிட்டு பாதிப் பக்கத்த அறிகுறிக்கே விடுங்க, அதுவும் குழப்புற நோய்கள எதிரெதிர்ப் பக்கத்துல வைங்க. நெல்லுல குலை நோய்னா புள்ளி கண் வடிவத்துல, ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பலா இருக்கும், செம்புள்ளி நோய்னா முட்டை வடிவம், இத படிச்சா மறந்துரும், கையால வரைஞ்சா சாகுற வரைக்கும் மறக்காது.

சின்ன டெஸ்ட்டையும் எழுதி வைங்க. வாடுன தக்காளித் தண்ட வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில தொங்கவிட்டா, பால் மாதிரி இழை இறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல், பூஞ்சை வாடல்னா அப்படி இறங்காது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் இதுதான்!

வைரஸ் நோய்னா கடத்துற பூச்சிக்குத் தனி வரி கட்டாயம், நெல்லுல வர்ற துங்ரோ நோய்க்குப் பச்சை தத்துப்பூச்சி மாதிரி.

இன்னொன்னு, 1845ல அயர்லாந்து பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு பின்கருகல் கிருமிய பழைய நோட்ஸ்ல பூஞ்சைன்னு எழுதியிருப்பாங்க, அது ஊமைசீட் (oomycete), அதாவது பாக்க பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை இல்லாத வேற வகைக் கிருமி, திருத்திக்கோங்க.

மருந்து அளவ மட்டும் பென்சில்ல எழுதுங்க, பரிந்துரை மாறிக்கிட்டே இருக்கும்.