வாசகர் கேள்வி-பதில்: பனியனோடு கப்பலேறும் நிலம்

கேள்வி: ஒரு நாட்டின் வளப் பாதுகாப்பை 'சூழல் தடம்' வைத்து அளக்கிறார்களே, எங்கள் ஊர் பனியன் ஏற்றுமதி அதில் எப்படிக் கணக்காகும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: நாம் நுகர்வதை விளைவிக்கவும் கழிவை உள்வாங்கவும் எவ்வளவு நிலம் தேவை என்பதே சூழல் தடம். உள்நாட்டு உற்பத்திக்குப் பிடித்த நிலத்தோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்தால் வருவது நம் நுகர்வுத் தடம். அளவு, 'உலக ஹெக்டேர்', அதாவது உலகச் சராசரி விளைதிறன் கொண்ட ஒரு ஹெக்டேர். நாட்டின் சொந்த உயிரித்திறன் (அதன் நிலமும் நீர்நிலைகளும் விளைவிக்கக்கூடிய அளவு) இதைவிடக் குறைவானால் பற்றாக்குறை.

ஏற்றுமதியைக் கழிக்கும் இடத்தில்தான் குளறுபடி. ஒரு டன் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சராசரி மகசூல் ஹெக்டேருக்குச் சுமார் 0.8 டன், ஆக 1.25 ஹெக்டேர். பயிர்நில ஹெக்டேரை உலக ஹெக்டேராக மாற்றும் எண்ணான சமன்காரணி ஏறக்குறைய 2.5, பெருக்கினால் 3.1 உலக ஹெக்டேர். பருத்திக்கொட்டையின் பங்கை இங்கே விட்டிருக்கிறோம். நம் காட்டில் மகசூல் குறைவுதான், ஆனாலும் தடம் கூடாது. அந்தக் குறை உயிரித்திறன் பக்கத்தில் விழும்.

அந்த ஒரு டன் பஞ்சில் நூற்புக் கழிவு, கட்டிங் வேஸ்ட் போக 650 கிலோ பனியன் கப்பலேறியதாக வைத்துக்கொள்வோம். சரக்கு எடையை மட்டும் பெருக்கினால் 2 உலக ஹெக்டேர்தான் கழியும். மீதி 1.1, நாமே உடுத்தியதாகப் பதிவாகிவிடும்! எடையைப் பஞ்சுக்கு மாற்றிய பிறகே பெருக்க வேண்டும். கழிவு, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்லுக்குப் போய் உள்ளூர்த் துணியானால் அந்தப் பங்கை மட்டும் நம் கணக்கில் வைக்கலாம்.

எரிபொருளின் கார்பன் தடம் (அதன் புகையிலுள்ள கார்பனை உறிஞ்சத் தேவையான காட்டு நிலம்) தனிக் கணக்கு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பு காட்டிய பிறகு, சாயக்கழிவில் மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். நொய்யல் ஆற்றுக்கு நல்லது, கார்பன் கணக்கில் செலவு.

பற்றாக்குறை மட்டுமே ஆபத்தல்ல, சிங்கப்பூர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது. பற்றாக்குறையோடு, வருமானமும் உலகச் சராசரிக்குக் கீழே இருந்தால்தான் சிக்கல். 2017 கணக்குப்படி உலக மக்களில் 72 சதவீதம் பேர் அப்படிப்பட்ட நாடுகளில் இருந்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. ஆகவே ஏற்றுமதி டாலரையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் போர்வெல் ஆழம் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. இந்த அளவுகோலில் அது தெரியுமா?
- வாசகர், பல்லடம்

பதில்: தெரியாது. போர்வெல் தண்ணீரில் மகசூல் கூடினால் உயிரித்திறன் கூடியதாகவே காட்டும். இந்த முறையின் பெரிய ஓட்டை இது. தண்ணீருக்குத் தனிக் கணக்குதான். தமிழகத்தில் நிலத்தடி நீரைக் குறுவட்டவாரியாக (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான 'பிர்கா' வாரியாக) மதிப்பிடுகிறார்கள். ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 90-க்கு மேல் அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. உங்கள் குறுவட்டம் எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.