ஸ்டீவி ரே வானின் கிட்டார் வாசிப்பு எப்படி வளர்ந்தது?

ப்ளூஸ் ராக் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸை ராக் இசைக்குரிய சத்தத்தோடும் வேகத்தோடும் வாசிப்பது. டெக்சஸ்காரர் ஸ்டீவி ரே வான் அதில் பெரிய கை. தடித்த கம்பிகளைப் போட்டு, சுருதியை அரை ஸ்வரம் இறக்கி வைத்துக்கொள்வார். இறக்கினால் இறுக்கம் குறையும். தடித்த கம்பியும் வளைந்து கொடுக்கும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது போலத்தான்.

1982-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ இசை விழாவில் அவர் வாசித்தபோது, கூட்டத்தில் சிலர் பிடிக்காமல் கூச்சல் போட்டார்கள். ஆனால் அங்கேதான் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் கண்ணில் பட்டார். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம். என்னைக் கேட்டால், போதையை விட்டபின் 1989-இல் வந்த 'இன் ஸ்டெப்' ஆல்பம்தான் உச்சம். அதில் 'ரிவியெரா பாரடைஸ்' கேளுங்கள், எவ்வளவு நிதானம்! 1990-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது வயது 35தான்.

அவரை ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நகல் என்பார்கள். ஆனால் கம்பி வளைக்கும் அந்தப் பாணியில் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் சாயல்தான் அதிகம்.